எனக்கு ஒரு சென்ட் குறையாது

பால்துரை: ...முழுசா கேளு லீலா. சட்டம் மாறிடுச்சு.

ஜெயலீலா: நீங்க மாறலியே. போனை எடுத்ததுமே லெக்சர்.

பால்துரை: உன் நல்லதுக்குத்தான். நீ கலிஃபோர்னியா ஸ்கூல் டீச்சர். கவர்மென்ட் பென்ஷன் வருதுன்னு, என் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன்ல உனக்கு வரவேண்டிய பங்கை வெட்டிட்டிருந்தாங்க. இப்ப அந்த வெட்டு இல்ல. எனக்கு வர்றதுல பாதி அளவு உனக்கு!

ஜெயலீலா: அப்ப உங்களுக்கு?

பால்துரை: எனக்கு ஒரு சென்ட் குறையாது. உனக்குத் தனியா தருவாங்க.

ஜெயலீலா: அதானே பார்த்தேன். குறைஞ்சா போன் வந்திருக்குமா?

பால்துரை: டைவர்ஸ் ஆகி இருபது வருஷம், இன்னும் அந்த வாய்...

ஜெயலீலா: வேலைலேருந்துதான் ரிட்டயர் ஆனேன்.

பால்துரை: பத்து வருஷத்துக்கு மேல சேர்ந்து இருந்தோம்ல? அதனாலதான் இந்த உரிமை.

ஜெயலீலா: ஓஹோ, நான் பட்ட பாட்டுக்கு நஷ்டஈடு இப்பதான் சாங்ஷன் ஆச்சா?

பால்துரை: சிரிக்காத. இன்னைக்கே அப்ளை பண்ணு. டைவர்ஸ் பேப்பரை நானே ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

ஜெயலீலா: அதுல கையெழுத்துப் போட ரெண்டு வருஷம் இழுத்த மனுஷன்! என்ன இவ்ளோ அவசரம்?

பால்துரை: அவசரம்லாம் இல்ல... ஒரு சின்ன கண்டிஷன் இருக்கு.

ஜெயலீலா: வந்துச்சு பாருங்க.

பால்துரை: நீ... வேற கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. பண்ணினா கிடைக்காது.

ஜெயலீலா: யாரு சொன்னா?

பால்துரை: சட்டத்துலயே இருக்கு...

ஜெயலீலா: அதைக் கேக்கல. காலேப்பைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?

பால்துரை: ...நம்ம பொண்ணு ரெபெக்காதான். நீயும் அந்த ஆளும் சர்ச் கொயர்ல ஜோடியா நின்னு பாடறீங்களாமே. அறுபத்தேழு வயசுல!

ஜெயலீலா: அதான் திடீர்னு சட்ட ஆராய்ச்சியா?

பால்துரை: உன் நஷ்டத்தைச் சொன்னேன். சாகுற வரைக்கும் மாசாமாசம் வர்ற பணம். அந்த ஆளுக்காக விடணுமா?

ஜெயலீலா: உங்களுக்கென்ன? ஒரு சென்ட் குறையாதுல்ல?

பால்துரை: ...நான் இங்க பிளெய்ன்ஸ்பரோல தனியாக் கிடக்கேன். நீயும் அங்க தனியாத்தான் இருக்கன்னு ஒரு... ஆறுதல். போதுமா?

ஜெயலீலா: இதை மொதல்லயே சொல்லியிருந்தா லெக்சர் மிச்சம். அந்த சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்கு நானும் போயிருந்தேன். கண்டிஷனைச் சொன்னாங்க.

பால்துரை: அப்ப அப்ளை பண்ணிட்டியா?

ஜெயலீலா: எப்படிப் பண்றது? அதுக்கு முந்தின சனிக்கிழமைதான் காலேப்புக்கும் எனக்கும் கல்யாணம் ஆச்சு. ரெபெக்கா சொல்லலியா? மோதிரத்தை எடுத்துக் குடுத்ததே அவதான்.