மணிக்கட்டில் கட்டிய பெல்ட்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. காகிதத்தை மடித்து வைத்தால் சரியாகிவிடும். ஆடுகிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தொழில் அப்படி.

படத்தில் நடிகர் வெறுங்கையை வீசுவார். அந்தக் கையில் தீப்பந்தம் எரிய வேண்டும். கையில் பளிச்சென்று தெரியும் ஒரு புள்ளியைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டால், அது ஃப்ரேம் ஃப்ரேமாக அந்தப் புள்ளியின் பின்னாலேயே போகும். இதற்கு ட்ராக் என்று பெயர். அந்தத் தடத்தில் தீப்பந்தத்தைக் கட்டிவிட்டால், கை போகும் இடமெல்லாம் நெருப்பும் போகும். பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

என் தங்கையின் கணவருக்கு இது இளக்காரம். "நம்ம மச்சான் என்ன வேலை பாக்குறாருன்னு கேட்டா, இல்லாததை இருக்குன்னு காட்டுறாருன்னு சொல்வேன்" என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை, மறைப்பானேன்.

தங்கையும் அவரும் பிரிந்தபோது, ஐந்து வயதுக் குழந்தை வாரத்தில் பாதி அப்பாவிடம், பாதி அம்மாவிடம் என்று பேச்சு. தங்கை ஒத்துக்கொண்டாள். அவளுக்கு எப்போதும் இளகிய மனசு. எனக்குப் பிள்ளை இல்லை. என் மடியில் தவழ்ந்தவள் அந்த ஆளிடம் பாதி நாள் இருப்பதா?

அவர்கள் வீட்டு வாசல் கேமராவில் ஒரு பதிவு இருந்தது. குழந்தையின் தலையை ஒரு குளவி சுற்றுகிறது. அவர் கையை ஓங்கி ஓங்கி விரட்டுகிறார், அவள் பயந்து குறுகுகிறாள். அந்தத் தூரத்தில் குளவி தெரியவில்லை, குழந்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு அவளைத் தூக்கி அணைத்துக்கொள்கிறார். அதற்கு முன்பே வெட்டிவிட்டேன். அவருடைய வாட்ச்சின் பளபளப்பு அருமையான புள்ளி. அதில் ஒரு பெல்ட்டைக் கட்டினேன். பெல்ட் கையோடு ஒட்டியே வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு ஃப்ரேம் பிந்தி வர வேண்டும். சுவரில் நிழலும் விழ வேண்டும். நாலு நாள் வேலை. பார்த்த தங்கையும் நம்பிவிட்டாள்.

கோர்ட்டில் அதைப் போட்டபோது அவர் எழுந்துவிட்டார். "நான் அடிக்கலைங்க, அது குளவி" என்றார். இல்லாத குளவியை இருந்ததாகக் காட்டப் பார்க்கிறார் என்று எங்கள் வக்கீல் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்தது. குழந்தையைப் பார்க்கவே அவருக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

நல்ல ட்ராக்கை எங்கள் தொழிலில் யாரும் அழிக்கமாட்டோம். பெயரும் தேதியும் போட்டு, வெட்டாத பதிவோடு பத்திரமாக வைத்திருந்தேன். குழந்தையின் போட்டோவைத் தேடிய தங்கை என் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். "உன்னை அண்ணான்னு கூப்பிடவே நாக்கு கூசுது" என்றாள். கூசட்டும்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை மறந்துவிடக் கூடாதே என்று அந்தப் பதிவை அவளுக்கும் தினம் ஒரு தடவை போட்டுக் காட்டினேன். அப்பா அடிச்சாரா என்று நேற்று உங்கள் பெண் அதிகாரி அவளிடம் கேட்டாராம். அவள் முதுகைத் திருப்பி, இங்கேதான், இன்னும் வலிக்குது என்று தொட்டுக் காட்டினாளாம். குழந்தைக்கே வலிக்கிறது. அப்புறம் நான் காட்டியது எப்படிப் பொய்யாகும்?