ஜெனீவாவிலிருந்து கிழநரி

காயத்ரி: ...போதும்னா போதும், உட்டுடு நைனா. எல பாயாசத்துல மெதக்குது.

ஆதிநாராயணன்: நீ சும்மா இரும்மா. ஆடி விருந்துக்கு வந்த மாப்ள அர வயித்தோட எழுந்துட்டாருன்னு ஊரே பேசும். இன்னும் ஒரு கரண்டி மாப்ள?

வெங்கடேசன்: போதுங்க மாமா.

ஆதிநாராயணன்: வட?

வெங்கடேசன்: சரிங்க மாமா.

காயத்ரி: போதும்னாரு, அடுத்த மூச்சுல சரின்றாரு. கும்மிடிப்பூண்டிலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி வந்தது இதுக்குத்தானா? அம்மா கோயில்ல பொங்க வெச்சுட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசுங்களேன்.

ஆதிநாராயணன்: பேசாம இன்னா? ...கம்பெனியெல்லாம் நல்லா போவுதுங்களா மாப்ள?

வெங்கடேசன்: போவுதுங்க மாமா.

ஆதிநாராயணன்: அங்க மழ...?

வெங்கடேசன்: இல்லீங்க மாமா.

ஆதிநாராயணன்: இங்கயும் இல்ல.

வெங்கடேசன்: வந்தா நல்லதுங்க மாமா.

ஆதிநாராயணன்: ஆமாமா... வந்தா நல்லதுதான்.

காயத்ரி: முடிஞ்சுதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து மாமனாரும் மருமவனும் இந்த ஒரு மழையவே பேசிக்கினு கீறீங்க. அதுவும் பயந்துக்கினு வர மாட்டேன்னுது. நைனா, இவர ஊமைன்னு நெனச்சுக்காத. எங்க ஊட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா போதும், தட்டுற தட்டுல பக்கத்து ஊட்டுக் கொழந்த எழுந்து அழும்.

ஆதிநாராயணன்: அப்படியா! யாருக்கு மாப்ள அவ்ளோ எழுதறீங்க?

வெங்கடேசன்: அது... முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு மாமா. இன்டர்நெட்ல தமிழ்ல ஒரு குழு இருக்குது. நானூறு பேரு. துபாய்ல ஒருத்தரு, பினாங்குல ஒருத்தரு. யாரும் யாரு மூஞ்சியும் பாத்ததில்ல.

ஆதிநாராயணன்: மூஞ்சி தெரியாதவங்ககூட இன்னா பேச்சு?

வெங்கடேசன்: பேச்சு இல்லீங்க மாமா. சண்ட.

காயத்ரி: பாரு, பாரு, சண்டன்ன ஒடனே மொகம் எப்படி மலருது!

வெங்கடேசன்: சுவிட்சர்லாந்துல பூமிக்கு அடியில வளையமாட்டம் பெரிய குழாய் போட்டு, அணுத்துகளுங்கள மோத உடப் போறாங்கல்ல மாமா... அதுல கருந்துளை உண்டாயி பூமிய முழுங்கிடுமா, முழுங்காதா? அது ஒரு சண்ட. அமெரிக்காகூட அணு ஒப்பந்தம் போட்டா நமக்கு லாபமா, இல்ல நம்ம கழுத்துல கயிறா? அது ஒரு சண்ட. துபாய்க்காரரு நிலாவுக்கு மனுசனே போவலன்றாரு. அவர்கூட எல்லாருக்கும் சண்ட.

ஆதிநாராயணன்: ம்.

வெங்கடேசன்: இதெல்லாத்தையும் உட, புள்ளி வெச்சு ஒம்பது ஒம்பது ஒம்பதுன்னு முடிவே இல்லாம எழுதினா, அது ஒண்ணா, ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மியா? இது மட்டும் ஆடி பொறந்ததுலேர்ந்து ஓடுது.

ஆதிநாராயணன்: கம்மிதான்.

வெங்கடேசன்: இன்னாங்க மாமா?

ஆதிநாராயணன்: ஒண்ணுமில்ல... உப்பு. வடையில உப்பு கம்மி.

வெங்கடேசன்: அதுல ஒருத்தரு இருக்காரு மாமா. எனக்குன்னே பொறந்து வந்தவரு. பேரு 'கிழநரி'.

ஆதிநாராயணன்: கிழ...

வெங்கடேசன்: அவங்கவங்களே வெச்சுக்கற பேருதான். நான் 'வால்நட்சத்திரம்'. நரி ஜெனீவால இருக்குதாம். ஜன்னலத் தொறந்தா அந்த ஆராய்ச்சிக்கூடம் தெரியுதாம். பனி கொட்டுதாம். பேசறதெல்லாம் செந்தமிழு. "அன்பரே, தங்கள் வாதம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரன்றோ!"

ஆதிநாராயணன்: ...நல்லாத்தான எழுதியிருக்காரு?

வெங்கடேசன்: நல்லாவா? அணு ஒப்பந்தத்தப் பத்தி நேராக் கேளுங்க, "ஒரு காட்டில் ஒரு சிங்கம் கரடிக்குத் தேன் கொடுத்தது"ன்னு ஆரம்பிக்கும். சிங்கம் சொன்ன நிபந்தனை இன்னான்னு கேட்டா, நடுவுல ஒரு ஆமையக் கூட்டியாந்துடும். பதில் சொல்ல முடியலைன்னா ஆமைதான் மாமா.

காயத்ரி: நைனா, இன்னாத்துக்கு இந்த இருமல்? தண்ணி குடி.

வெங்கடேசன்: ஆனா நரி மாட்டிக்கிச்சு.

ஆதிநாராயணன்: மாட்டி... எப்படி மாப்ள?

வெங்கடேசன்: ஆடிக்குன்னு காயத்ரிய இங்க கூட்டியாந்துட்டீங்களா... தெனம் சாயங்காலம் எனக்குப் போன் வரும். "ஏங்க, கரண்ட் போச்சு, புழுங்குது"ன்னு.

காயத்ரி: பின்ன? தெனம் அதே நேரத்துக்குத்தான நிறுத்தறாங்க.

வெங்கடேசன்: அதான் விசயமே. இந்தப் பக்கம் உன் போனு அடிக்கும். அந்தப் பக்கம் நரி, "அன்பரே, இறுதியாக ஒன்று கூறுவேன்"னு எழுதும்... அப்படியே காணாமப் பூடும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல மாமா, தெனம். ஜெனீவாவுக்கும் இந்தப் பெரியபாளையத்துக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரா?

ஆதிநாராயணன்: ...இப்பல்லாம் எல்லா நாட்லயும் கரண்ட் கஷ்டம்தான்.

வெங்கடேசன்: இன்னிக்கு ஊட்டுக்குப் போனதும் நானூறு பேரு முன்னாடி போட்டு ஒடைக்கப் போறேன். "நரி ஜெனீவால இல்ல, பவானி அம்மன் கோயிலுக்குப் பக்கத்துல எங்கியோ பொந்துல இருக்குது"ன்னு. கை கழுவிட்டு வந்துர்றேன் மாமா.

காயத்ரி: பின்னால தொட்டியில தண்ணி கீது பாருங்க. சொம்பும் அங்கியேதான்.

ஆதிநாராயணன்: நான் எலய எடுக்கறேன்...

காயத்ரி: எல இருக்கட்டும். நைனா, என்னப் பாரு.

ஆதிநாராயணன்: பாத்துக்கினுதான கீறேன்.

காயத்ரி: தெனம் சாயங்காலம் உரக்கடைக்குப் போறேன், உரக்கடைக்குப் போறேன்னு கெளம்பறியே... உரக்கடைக்கு மேல மாடியில நியாஸ் பாயோட பிரவுசிங் சென்டரு கீதுல்ல? கரண்ட் போன ஒடனே வேர்த்துக் கொட்டிக்கினு வந்து நிக்கற. ஒரு நாளாவது கையில ஒரு பிடி உரம் பாத்திருப்பேனா நான்?

ஆதிநாராயணன்: மெதுவாப் பேசு, மெதுவா!

காயத்ரி: கிழநரி! ஜெனீவாவாம்! பனி கொட்டுதாம்! எங்க நைனா கொட்டுச்சு, நம்ம கழனியிலயா?

ஆதிநாராயணன்: வேற இன்னான்னு போடறது? பி.எஸ்.சி. பிசிக்ஸ் படிச்சேன், எங்கப்பா கூப்ட்டாரு, வந்து ஏரு பூட்டினேன்னு வரலாறா எழுத முடியும்? பெரியபாளையத்துல நெல்லு போடறவன், கருந்துளை பூமிய முழுங்காது, பயப்படாதீங்கன்னு சொன்னா எவன் கேப்பான்? ஜெனீவான்னு போட்டேன். ஒருத்தன் எதிர்ப் பேச்சு பேசல. இவர் ஒருத்தர் தவிர.

காயத்ரி: இப்ப நானூறு பேரு முன்னாடி மானம் போவப் போவுது.

ஆதிநாராயணன்: போவட்டும். நானூறு பேரும் நாளைக்கு வந்து நம்ம தெருவுலயா சிரிக்கப் போறான்? எனக்கு அந்த பயம் இல்லம்மா. நரி நான்னு இவருக்குத் தெரிஞ்சுட்டா... மரியாத வந்துடும்.

காயத்ரி: மரியாத வந்தா நல்லதுதான?

ஆதிநாராயணன்: இன்னா நல்லது! இப்பப் பாத்தியே... போதுங்க மாமா, சரிங்க மாமா. அங்கயும் அதே ஆயிடும். "பூமிய முழுங்காதுங்களா மாமா? சரிங்க மாமா." அப்புறம் நான் எங்க போறது? என்கூட மல்லுக்கு நிக்க இந்த சுத்துவட்டாரத்துல யாரு கீறா சொல்லு? உங்கம்மா நிப்பா. ஆனா அவ ஜெயிச்சுடறா.

காயத்ரி: ஐயோ நைனா... வால்நட்சத்திரம் இவருதான்னு உனக்கு சந்தேகமே வர்லியா?

ஆதிநாராயணன்: ...இப்பத்தான தெரிஞ்சுது. உஷ், வர்றாரு. வாங்க மாப்ள, உக்காருங்க. காயத்ரி, துண்டு குடு.

வெங்கடேசன்: இருக்கட்டுங்க மாமா.

ஆதிநாராயணன்: மாப்ள... அந்த நரிய மன்னிச்சு உட்டுடக் கூடாதா? வயசானவரு போலத் தெரியுது.

வெங்கடேசன்: பொய்யி சொல்றாருங்களே மாமா.

ஆதிநாராயணன்: நம்ம ஆரணியாத்துல இந்தக் கரையில ஒரு தவக்கள, அந்தக் கரையில ஒரு தவக்கள. மழைக்காலம் பூரா ரெண்டுக்கும் சண்ட. நான் பெரியவனா, நீ பெரியவனான்னு தொண்ட கிழியக் கத்தும். கோடை வந்துது, ஆறு வத்திப் போச்சு. இனிமே நேர்லியே ஒரு கை பாத்துடலாம்னு ரெண்டும் நடு ஆத்துக்கு வந்துதுங்க. மூஞ்சியப் பாத்தா, ஒண்ணுக்கொண்ணு சம்மந்தி மொற! "சாப்ட்டீங்களா?" "ஆச்சுங்க." அவ்ளோதான். மறு வருசம் ஆறு நெறைய தண்ணி வந்துது மாப்ள. தவக்கள சத்தம் மட்டும் வர்ல.

வெங்கடேசன்: ...கத நல்லா இருக்குதுங்க மாமா. நரி சொல்ற மாதிரியே இருக்குது.

ஆதிநாராயணன்: இது... ஊர்ல எல்லாரும் சொல்றதுதான்.

காயத்ரி: நான் கேட்டதே இல்ல.

ஆதிநாராயணன்: நீ எங்க கத கேட்ட, தூங்கிடுவ!

வெங்கடேசன்: சரிங்க மாமா, நீங்க சொல்றீங்களேன்னு உட்டுடறேன். அவரு ஜெனீவாலயே இருக்கட்டும். ஆனா கணக்குல உட மாட்டேன். புள்ளி ஒம்பது ஒம்பதுல நரி தோத்துப் போயி பத்து நாளாவுது. அத்த ஒத்துக்கத் துப்பில்ல.

ஆதிநாராயணன்: துப்பில்லியா?

வெங்கடேசன்: ஆமா மாமா. மூணுல ஒரு பங்கு இன்னா? புள்ளி மூணு மூணு மூணுன்னு முடிவே இல்லாமப் போவும். அத்த மூணால பெருக்கினா புள்ளி ஒம்பது ஒம்பது ஒம்பது. மூணுல ஒரு பங்கு மூணு சேந்தா முழு ஒண்ணு. தீந்துது.

ஆதிநாராயணன்: எங்க தீந்துது? புள்ளி மூணு மூணு, சரியா மூணுல ஒரு பங்குன்னு யாரு சொன்னா? அதுவே கொஞ்சம் கம்மி. கம்மிய மூணு வாட்டி போட்டா கம்மிதான வரும்?

வெங்கடேசன்: எவ்ளோ கம்மி?

ஆதிநாராயணன்: ஒரு துளி.

வெங்கடேசன்: எவ்ளோ துளி? நீங்க எவ்ளோ சின்னதாச் சொல்லுங்க, இன்னும் நாலு ஒம்பது போட்டு அதுக்கும் உள்ள நான் பூந்து வந்துருவேன். ரெண்டு எண்ணு வேற வேறன்னா நடுவுல எடம் இருக்கணும். அந்த எடத்துல ஒரு எண்ண வெச்சுக் காட்டுங்க பாப்போம்!

ஆதிநாராயணன்: காட்ட முடியலைன்னா எடமே இல்லன்னு ஆயிடுமா? மரக்கால்ல நெல்லு அளக்கறோம், தல தட்டறோம். ஒரு நெல்லு கொறஞ்சா கண்ணுக்குத் தெரியுமா? அதுக்காவ மரக்கா நெறஞ்சுதுன்னு சொல்லுவியா நீ?

காயத்ரி: நைனா... மாப்ளைய "நீ"ன்னுட்ட.

ஆதிநாராயணன்: நீ இரும்மா, குறுக்க வராத!

வெங்கடேசன்: நெல்ல எண்ணி முடிச்சுடலாம் மாமா. இது முடியவே முடியாதது. முடியறதுக்கும் முடியாததுக்கும் வித்தியாசம் தெரியாமப் பேசினா...

ஆதிநாராயணன்: யாருக்குத் தெரியாது? முடிவே இல்லாமப் போய்க்கினு இருக்கறது எப்படிய்யா ஒரு எடத்துல போய்ச் சேரும்? அன்பரே, தங்கள் வாதம் கரை காணாத ஓடமன்றோ!

காயத்ரி: போச்சு.

ஆதிநாராயணன்: ...நான் இப்ப இன்னா சொன்னேன்?

வெங்கடேசன்: "அன்பரே"ன்னீங்க மாமா.

ஆதிநாராயணன்: ...மாப்ள... இன்னொரு வட...?

வெங்கடேசன்: வேணாங்க மாமா.

ஆதிநாராயணன்: பாத்தியாம்மா? வந்துடுச்சு மரியாத. இனிமே வேணாங்க மாமா, சரிங்க மாமா. அவ்ளோதான் என் பொழப்பு.

வெங்கடேசன்: மாமா.

ஆதிநாராயணன்: சொல்லுங்க மாப்ள.

வெங்கடேசன்: நீங்க சொன்னது தப்பு.

ஆதிநாராயணன்: இன்னாது?

வெங்கடேசன்: சுத்தத் தப்பு. போய்க்கினு இருக்கறது எண்ணு இல்ல மாமா. அது எப்பவோ போய்ச் சேந்து அங்கியே உக்காந்துக்கினு இருக்குது. நாமதான் ஒவ்வொரு ஒம்பதா எழுதிக்கினு மூச்சு வாங்கறோம். நம்ம களைப்ப எண்ணு தலையில கட்டக் கூடாது.

காயத்ரி: இன்னா நைனா, தப்புன்றாரு, நீ சிரிச்சுக்கினு கீற?

ஆதிநாராயணன்: "சரிங்க மாமா" சொல்லலியேம்மா! மூஞ்சியப் பாத்து தப்புன்றாரே! ...மாப்ள, அந்தக் களைப்பு வாதம் புதுசு. குழுவுல எழுதவே இல்லியே நீங்க?

வெங்கடேசன்: நேர்ல சொல்லலாம்னு வெச்சிருந்தேன் மாமா.

காயத்ரி: நேர்லியா? அப்போ... ஏங்க, நைனாதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

வெங்கடேசன்: நீதான சொன்ன. மொத நாளே போன்ல, "கரண்ட் போச்சு, உரக்கடைக்குப் போன நைனா வெறுங்கையோட வேர்க்க வேர்க்க வந்து நிக்கறாரு"ன்னு. அந்த வாரம் பூரா நான் நரிக்கு அடுக்கடுக்கா கேள்வி போட்டேன், பதில் எப்ப நிக்குது, உன் போனு எப்ப வருதுன்னு பாக்க.

காயத்ரி: அடப்பாவி! தெரிஞ்சுக்கினே போட்டு ஒடைப்பேன்னு ஏன் மெரட்டினீங்க? நைனா பாதி உசுராப் பூட்டாரு.

வெங்கடேசன்: பின்ன இன்னா பண்றது? மழையப் பத்தியே எத்தினி விருந்துதான் சாப்டறது? பொந்துல பொக போட்டாத்தான நரி வெளிய வரும்?

ஆதிநாராயணன்: யோவ் மாப்ள!

காயத்ரி: பாத்தியா நைனா? ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்து வட துன்னாரு. எங்கூட்டுக்காரரு கெட்டிக்காரரு. பாவம், நீதான் ஏமாந்துட்ட. இத்தினி நாளா யாருகூட சண்ட போடறோம்னே தெரியாம...

ஆதிநாராயணன்: யாரு, நானா ஏமாந்தேன்? போன வருசம் உனக்கு மாப்ள பாத்தப்போ, தரகர் சடையப்பன கும்மிடிப்பூண்டிக்கே போய்யான்னு அனுப்பினது யாரு? மூடின வேன்ல கோழிங்கல்லாம் எகிறிப் பறந்தா வேனோட எட கொறையும்னு இவரு எழுதினாரு. கொறையாதுன்னேன் நான். மனுசன் எளாவூர்ல லாரி எட போடற மேடைக்கே போயி, கோழி வேன அதுல நிறுத்தி, கோழிங்க பறக்கத் தட்டித் தட்டிப் பாத்துட்டு வந்து, "நான் சொன்னது தப்பு, நரியார் சொன்னதே சரி. இப்படிக்கு வெங்கடேசன், கும்மிடிப்பூண்டி"ன்னு எழுதினாரும்மா. நானூறு பேர்ல தோத்தத ஒத்துக்கினது இவர் ஒருத்தருதான்... பொண்ணு குடுத்தா இங்கதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஜாதகமெல்லாம் அப்புறந்தான்.