வாடை அடிக்கிற ஊர்

எல்லாருக்கும் வணக்கம். முதல்ல மன்னிச்சுக்கோங்க. எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசுன்னு டீச்சர் சொன்னாங்களேன்னு ஏறிட்டேன். அறிவுரை சொல்ற அளவுக்கு எனக்கு வயசும் இல்ல. அதனால, என்கூட ஹாஸ்டல்ல இருந்த ஒரு பொண்ணோட கதையை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன். சின்னக் கதைதான்...

அவ பேரு கோகிலவாணி. நாமக்கல் பக்கம். அவங்க அப்பா அர்த்தநாரி, லாரிப் பட்டறையில பெயின்ட் அடிக்கிறவர். லாரிக்குப் பின்னாடி கடல், தென்னமரம், பாய்மரப் படகு எல்லாம் வரைவார். நிஜக் கடலைப் பார்த்தாரா? இல்ல. ஒரு தடவை கூட இல்ல.

அவர் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறப்போ, கடல்பாசி பத்திப் படிக்கணும்னு ஆசைப்பட்டா. அதுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கு... எங்கே? ராமநாதபுரத்துக்கும் கிழக்கே, ரோடு போய் முடியற இடத்துல. சின்ன ஊர். ஒரு சர்ச், ஒரு டீக்கடை, அதுக்கப்புறம் தண்ணி. எனக்கு அந்த ஊரை நினைச்சா இன்னைக்கும் கண்ணு சொக்கும். வகுப்புல உட்கார்ந்தா ஜன்னல் முழுக்கக் கடல்தான். பாடம் ஒரு பக்கம் ஓடும், அலை ஒரு பக்கம் ஓடும்...

சரி, கதைக்கு வரேன். தை மாசம், பொங்கல் லீவு. ஊரைப் பார்த்துட்டு வரலாம்னு அர்த்தநாரி அங்க ஹாஸ்டலுக்குப் போன் போட்டார். வார்டன் ஜெபமாலையம்மா எடுத்தாங்க.

"ஏனுங்கம்மா, புள்ளையக் கூட்டிட்டு நாளைக்கு வரலாமுங்களா?"

"இப்ப வேணாண்ணே! இங்க வாடை பயங்கரமா அடிக்குது. மனுசன் வெளிய நிக்க முடியல. குறையட்டும், வாங்க."

போனை வெச்சிட்டார். முடிஞ்சது கதை!

"வாடை அடிக்கிற ஊருல எம்புள்ள படிக்க வேண்டாம்."

"அப்பா, மீன் வாடைதானுங்கப்பா... பழகிக்கிறேன்."

"அந்தம்மாவே நிக்க முடியலீங்குது! நீ எப்பிடிப் பழகுவ?"

"மூக்கைப் பிடிச்சிட்டுப் படிக்கிறேன்!"

"அப்ப எந்தக் கையில எழுதுவ?"

இப்படியே நாள்கணக்கா ஓடுச்சு. சாப்பாட்டுல சண்டை, டிவி முன்னாடி சண்டை. இத்தனைக்கும் வாடைன்னா வடக்குக் காத்துன்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவதான் கோகிலவாணி! ஆனா கடல்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? மீன்தானே?

கடைசியில அவங்க அம்மா பாவாயி சொன்னாங்க: "ரெண்டு பேரும் போயி மோந்து பாத்துட்டு வந்து சண்டை போடுங்க. எனக்குக் காது வலிக்குது."

போனாங்க. உப்பளம் கண்ணுல பட்டதுமே அர்த்தநாரி துண்டை எடுத்து மூக்குல கட்டிட்டார். இறங்குனா... ஆளில்லாத தெரு. கரையில கவுத்துப் போட்ட படகுங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஒரே வெளிச்சம். வானம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாத வெளிச்சம். அவர் அப்படியே நின்னுட்டார்.

"கண்ணு... இது நீலமே இல்லையே."

வாசலுக்கு வந்த ஜெபமாலையம்மா, "என்னண்ணே, பல்வலியா?"ன்னு கேட்டாங்க.

"இல்லீங், வாடைக்குத்தான் கட்டியிருக்கறேன்." துண்டைக் கொஞ்சம் இறக்கி, மூக்கை விடைச்சுப் பார்த்தார். "வாடை எங்கீங்? எனக்கு ஒண்ணும் வர்லீங்களே?"

"இந்தா அடிக்குதே!"

"எங்கீங்?"

"அண்ணே, முதல்ல வேட்டியப் பிடிங்க, பறக்குது! அதுதான் வாடை!"

ரெண்டு கையாலயும் வேட்டியைப் பிடிச்சார். துண்டு போயிடுச்சு. கோகிலவாணி சிரிச்ச சிரிப்பு இருக்கே... நான் அப்புறமா ஹாஸ்டல்ல நிறைய தடவை கேட்ட சிரிப்பு அது.

ஜெபமாலையம்மா சொன்னாங்க: "வடக்கேருந்து வர்ற காத்துண்ணே. வாடை அடிச்சா படகு இறங்காது. ஊரே தூங்கும்."

வாடை என்னன்னு தெரிஞ்சு போச்சு. நாத்தம் இல்லைன்னும் தெரிஞ்சு போச்சு. அப்ப சரின்னு சொன்னாரா? சொல்லலைங்க. சவுக்கு மரத்தடியில போய் உட்கார்ந்துட்டார். மக தண்ணியோரமா நடந்து போறா... போறா... சின்னப் புள்ளியா ஆயிட்டா. திரும்பி வந்து பக்கத்துல உட்கார்ந்தப்போ மெதுவா சொன்னார்:

"கண்ணு, வாடை இல்ல. ஆனா தூரமா இருக்குது. நீ இல்லாத வூட்டுக்குள்ள எப்பிடிப் போறதுன்னு எனக்குத் தெரியல."

அவ அவர் கையைப் பிடிச்சிக்கிட்டா.

கிளம்பறப்போ அவர் வார்டனைக் கேட்டார்: "ஏனுங்கம்மா, இதுக்கடுத்து வர்ற காத்துக்கு என்ன பேருங்க?"

"கச்சான். மேக்கேருந்து வரும், ஆனியில, காலேஜ் திறக்கிறப்ப."

"அது அடிக்கறப்ப புள்ளையக் கொண்டாந்து உடறேனுங்க."

அவ்வளவுதான் கதை.

அம்மா அப்பாங்களே, பொண்ணுங்க படிக்கப் போறேங்கிற ஊரைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச ஒரு சொல்லும் நம்ம காதுல தப்பா விழுந்திருக்கலாம். அதை வெச்சிக்கிட்டுப் பொண்ணுங்களோட சண்டை போடறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னாடி ஒரு பயம் ஒளிஞ்சிருக்கு. அந்தப் பயம் தப்பா? தப்பே இல்ல. அது பாசம்தான். ஆனா அதை "வாடை"ன்னு சொன்னா பொண்ணு எதிர்த்துப் பேசுவா. "நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்"னு சொல்லிப் பாருங்க... பக்கத்துல வந்து உட்காருவா.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. கேட்கலாமா வேண்டாமான்னு இவ்வளவு நேரம் யோசிச்சேன்.

அப்பா... கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கீங்க. என்னை மாமாகூடத்தான் அங்க அனுப்புனீங்க. நீங்க வந்ததே இல்ல. இப்ப தங்கச்சி செண்பகம் அங்கதான் படிப்பேங்கிறா. வேண்டாம்னுட்டீங்க. ஏன்னு சொல்லல. வீட்ல கேட்க எனக்கு வாய் வரல, அதான் இங்க கேட்கிறேன். அவளைக் கூட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை அங்க வாங்கப்பா. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னாலும் சரி... ஏன்னு மட்டும் அந்தக் கரையில வெச்சு அவகிட்ட சொல்லிடுங்க.