புயல் சர்வர்

“சும்மாதான கெடக்குன்னு புயல அணைச்சுட்டேம்லே.”

முத்தையாபுரத்திலிருந்து ஊருக்குள் போகும் பஸ். வெளியே காற்றும் தூறலும். முன்சீட்டில் இரண்டு பேர், கழுத்தில் ஒரே கம்பெனி அட்டை. சொன்னவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“வெளங்குத மாதிரி சொல்லுலே.”

“சர்வர் ரூம்ல இடம் பத்தலன்னு புரோகிராம் எழுதுனேம்லா? ஒரு மாசம் வேலையே பாக்காத சர்வர அதுவே அணைச்சு, இடத்த வேறதுக்குக் குடுத்துரும். மீன் பிடிக்கப் போற வள்ளக்காரங்களுக்குப் புயல் மெசேஜ் அனுப்புத சர்வரையும் அணைச்சிருக்கு.”

“அது புயல் வந்தாத்தான வேலை பாக்கும்?”

“அதத்தான் எழுதாம விட்டுட்டேன்.”

“நேத்து சாயங்காலமே துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாவளே!”

“இன்னைக்கு ஒம்பது மணிக்குத்தான் பாத்தேன். வேற ரெண்டு சர்வர நிறுத்தி இடம் பண்ணி, இப்பதான் ஓட விட்டுட்டு வாரேன்.”

“கோயில் மைக்குல சொல்லிருப்பாவல்லா?”

“மெசேஜ்தான் வருதேன்னு மைக்க எப்பவோ நிறுத்திட்டாவ.”

பக்கத்து சீட்டில் வெறும் மீன்கூடையோடு இருந்த அம்மாவின் போன் ஒலித்தது. அவள் அதை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடமே நீட்டினாள்.

“கண்ணாடி கொண்டாரல தம்பி. என்ன போட்டிருக்குன்னு வாசிங்க.”

அவன் வாசித்தான்.

“புயல் எச்சரிக்கை. யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

“எங்க வீட்ல அவிய விடியமுன்னயே கடலுக்குப் போயிட்டாவளே,” என்றாள். போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கேட்டாள்:

“இத நேத்தே அனுப்பிருக்கக் கூடாதா, தம்பி?”