தவளை அடிக்கிற கூட்டம்

அட, நிஜத் தவளை இல்ல சார், கேம்ல வர்ற தவளை. தலைய ஆட்டாதீங்க, கத்தரி காதுகிட்ட இருக்கு.

தினமும் சாயங்காலம் கடையில ஆள் இல்லாதப்போ போனை எடுத்து கேம்ல ஒரு குட்டைக்குப் போவேன். மொத்தம் நாலு பேர். தவளை வரும், அடிப்போம், செத்துரும். மறுபடி வரும், மறுபடி அடிப்போம். அவ்வளவுதான் ஆட்டமே. இதுக்கு வீட்ல கொசு அடிச்சாலாவது புண்ணியமாப் போகும்னு என் பொண்டாட்டி சொல்றா. அதுவும் நியாயந்தான்.

என்ன பிரயோஜனமா? உங்களையே எடுத்துக்குங்க. எதிர்ல உக்கார வெச்சு, மனசுல என்ன குறைன்னு கேட்டா வாயத் தொறப்பீங்களா? மாட்டீங்க. கை ஒரு வேலையில இருந்தாத்தான் சார் வாய் தானா வரும். கேம்ல ராட்சசன் வந்தா எல்லாருக்கும் உயிர் பயம், ஒருத்தரும் பேச மாட்டாங்க. தவளைக்கு யார் பயப்படுவா? ஒரு அடி, ஒரு வரி டைப். ஒரு அடி, ஒரு வரி.

எங்க கூட ஒரு பேக்கரிக்காரம்மா இருக்காங்க. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்னு அப்படித்தான் சொன்னாங்க, தவளைக்கு நடுவுல. ஆறுதல் சொல்ல எங்க யாருக்கும் தெரியல. தவளையெல்லாம் அவங்க பக்கமே விரட்டி விட்டோம், ஆசை தீர அடிச்சுக்கட்டும்னு. பொழச்சுட்டார்னு அவங்க எழுதினப்போ, எங்க கூட ஆடற லாரிக்காரர் லோடு ஏத்தறவங்க முன்னாடியே விக்கி விக்கி அழுதாராம்.

நாலாவது ஆளா? மருந்துப்பொட்டி. கேம்ல அவர் பேரே அதுதான். அடிபட்டா மருந்து போட்டு எங்களை எழுப்பி விடறவர். அவருக்கு ஒரே ஆசை, தங்கக் கிரீடம். தவளை சாகும்போது எப்பவாவது விழும். ஒரு சக்தியும் கிடையாது, சும்மா பளபளங்கும். அது விழுந்த நேரம் பார்த்து இவர் வீட்ல காலிங் பெல். பேக்கரிக்காரம்மா மாவுக்கையோட போன்ல எதையோ தொடப் போக, கிரீடம் அவங்க தலையில ஏறிடுச்சு. ஏறினா இறங்காது சார், அப்படி ஒரு சட்டம். திரும்பி வந்தார், பார்த்தார், கேமை விட்டே போயிட்டார். அப்புறம் வரவே இல்ல.

ஏன் சார் மூஞ்சி சிவக்குது? ஃபேன் வேணுமா?

மருந்து போட ஆள் இல்லாம இப்பல்லாம் தவளைதான் எங்களைக் கொல்லுது. அதுகூடப் போகட்டும், யாருமே பேசறதில்ல. கூட்டமே கலைஞ்சுடும் போலிருக்கு. அதான் மூணு பேரும் சேர்ந்து, இன்னொரு கிரீடம் விழுற வரைக்கும் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். கட்டை விரல் வீங்கிப் போச்சு, பாருங்க. விழுந்துருச்சு சார், மத்தியானம்! குட்டை நடுவுல கிடக்கு. யாரும் கிட்டப் போகல. லாரிக்காரர் காவல் நிக்கிறார். இன்னிக்குள்ள எடுக்கலேன்னா மறைஞ்சிடும்.

ஊர் பேர் தெரியாத ஆளை எங்க போய்த் தேடறதா? தேடவே வேணாம் சார். அந்த மனுஷன் தவளை அடிக்கும்போதெல்லாம் தனக்கு முடி வெட்டறவனைத்தான் திட்டுவார். இடது கிருதாவக் குட்டையாக்கிடறான், வாய மூடவே மாட்டேங்கறான்னு. எவனோ தொழில் தெரியாதவன்னு நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஒரு நாள் எழுதறார், அவன் கடைக் கண்ணாடி கீறி, மேல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு. நிமிர்ந்து பார்த்தேன். உங்க எதிர்ல இருக்கே, அந்தப் பட்டாம்பூச்சிதான்.

எந்திரிக்காதீங்க சார், ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு. உங்க கூட தவளை அடிச்ச புலிக்குட்டி நான்தான். போனை எடுங்க, முதல்ல கிரீடத்த எடுத்து மாட்டுங்க. அப்புறம் அங்கேயே என்னை நல்லா நாலு திட்டு திட்டுங்க சார், நீங்க திட்டாம எனக்குத் தவளை அடிக்கவே கை வரமாட்டேங்குது.