தொட்டிலைப் பார்த்த விளக்கு

டிசம்பர் 21, சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பள்ளி ஆசிரியை, பேறுகால விடுப்பில் இருக்கிறார். குழந்தைக்கு நான்கு மாதம்.

— ...இரு இரு, ஒயரு கழண்டிருக்கு. ம், இப்போ பாரு. ஒண்ணு... ரெண்டு... பாத்தியா! கை தட்டினதும் விளக்குப் பட்டை முழுக்க எரிஞ்சுது!

— எரியுது. நான் இருமினாலும் எரியுது, கதவைச் சாத்தினாலும் எரியுது. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் தும்மினதுக்குக்கூட எரிஞ்சுது.

— அதான் மைக்கோட சமத்து. ப்ரோக்ராம்ல ஒரு நம்பரைக் குறைச்சேன், அவ்வளவுதான். இனி ஊசி விழுந்தாலும் விடாது.

— சரி மெக்கானிக் சார், எனக்கு ஒரு சந்தேகம்.

— கேளுங்க டீச்சர்.

— பண்டிகை லீவுக்குன்னு எல்லாரும் ஜன்னல்ல, தெருவைப் பாத்து விளக்கு போட்டிருக்காங்க. நம்ம விளக்கு மட்டும் ஏன் தொட்டிலைப் பாத்து இருக்கு?

— அது... பாப்பாவும் பாக்கட்டுமேன்னு.

— மைக்கையும் தொட்டில் கம்பியிலதான் கட்டியிருக்கீங்க.

— அங்கதான் ஆணி இருந்துச்சு.

— தொட்டில் கம்பியில ஆணியா?

— ...பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரியே கேக்குற நீ.

— பாட்டுக்கு ஆடுற விளக்குன்னுதானே சொன்னீங்க? மூணு வாரமாச்சு, ஒரு பாட்டு காதுல விழல. டம்ளரைத் தட்டுறீங்க, சாவிக்கொத்தை ஆட்டுறீங்க.

— டெஸ்டிங்.

— எதை?

— விளக்கைத்தான், வேற எதை... ஏய், அங்க பாரு! சாவியை ஆட்டினதும் பாப்பா திரும்பிட்டா! பாத்தியா? நீ பாத்தியா?

— மெதுவா. ஏன் கண்ணு கலங்குது உங்களுக்கு?

— ஒயரைப் பத்தவெச்ச சால்டரிங் புகை.

— அந்த சால்டரிங் கம்பி பிளக்குலயே இல்லையே. எத்தனை தடவை திரும்பினா?

— நாப்பதுக்கு முப்பத்தாறு... அதாவது, சும்மா எண்ணினேன்.

— சும்மாவா? தேதி போட்டு நோட்டுல எழுதியிருக்கீங்க.

— நோட்டைப் பாத்தியா?

— பாத்தேன். ஒரே ஒரு கேள்வி. அந்த முப்பத்தாறு தடவையும் விளக்கு எரிஞ்சுதா?

— எரியாம? சத்தம் தொட்டில் வரைக்கும் போச்சான்னு எனக்குத் தெரிய வேணாமா, அதுக்குத்தானே விளக்கே...

— அப்போ அவ திரும்பினது சத்தத்துக்கா, வெளிச்சத்துக்கா?

— ஐயோ.

— உக்காருங்க முதல்ல.

— மூணு வாரமா நான்... ரெண்டு ஸ்விட்சை ஒண்ணாப் போட்டுட்டு எது பழுதுன்னு கேக்காதேன்னு கூட வேலை பாக்குறவங்களைத் திட்டுற ஆளு நான்.

— பிளக்கைப் புடுங்கிட்டு ஒரு தடவை ஆட்டுங்க. தெரிஞ்சிடும்.

— வேணாம்.

— ஏன்?

— திரும்பலைன்னா?

— நகருங்க, நான் புடுங்குறேன்.

— இரும்மா! இரு... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பாப்பா பொறந்த மறுநாள் காது டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு காதுமே தேறலைன்னாங்க. சில குழந்தைக்கு அப்படி வரும், ஒரு மாசம் கழிச்சு திரும்பக் கொண்டு வாங்கன்னாங்க. நீ ஆபரேஷன் பண்ணி மயக்கத்துல கிடந்தே. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்ததும் உனக்குக் காய்ச்சல். அப்புறம்... அப்புறம் பயம். வேற ஒண்ணும் இல்ல.

— சீட்டு ஏதாவது குடுத்தாங்களா?

— குடுத்தாங்க. என் டூல்ஸ் பெட்டியில, ஸ்பேனருக்கு அடியில இருக்கு. திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கறேன்.

— பிளக்கைப் புடுங்கியாச்சு. சாவியைக் குடுங்க.

— ம்...

— கண்ணை மூடிக்கிட்டா எப்படித் தெரியும்? திறங்க.

— ...திரும்பினா.

— இப்போ இந்தப் பக்கம் வந்து ஆட்டுறேன்.

— திரும்புறா! விளக்கே இல்லாம... இல்ல, இல்ல. உன் கை அசையுறதைப் பாத்திருப்பா. அவ தலைக்குப் பின்னாடி நின்னு ஆட்டு.

— வந்துச்சா மெக்கானிக் மூளை! இதோ, பின்னாடிதான் நிக்குறேன். போதுமா?

— ...சிரிக்கிறா. உன்னைத் தேடிச் சிரிக்கிறா.

— அழாதீங்க. மைக் கேட்டா திரும்ப எரியப் போகுது.

— பிளக்கைத்தான் புடுங்கிட்டியே... இருந்தாலும் நம்ம பாக்குறது போதாது. திங்கக்கிழமை காலையில முதல் ஆளா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். சீட்டை எடுத்து வெக்கறேன்... என்ன இது? ஸ்பேனருக்கு அடியில காணோமே. பெட்டியையே கவுத்துட்டேன், காணோம். நீ எங்கயாவது பாத்தியா?

— ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவர் தேடினப்போ கிடைச்சுது. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. முந்தாநாள் நீங்க வேலைக்குப் போனதும் நானே பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். தூங்கவெச்சு ஒரு மணி நேரம் டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு காதும் நல்லா இருக்கு. சீட்டு பீரோவுல, என் புடவைக்கு அடியில இருக்கு.