எட்டியப்பன் மதகு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, வடாற்காட்டுல ஆவாரம்பேட்டைன்னு ஒரு ஊரு. ஊருன்னா சின்ன ஊருதான். ஒரு தேர்வீதி, ஒரு சந்தைமேடு, ஒரு ஏரி, ஏரிக்கு அந்தாண்ட ஒரு சேரி. ஜெர்மன்காரன் சண்டை முடிஞ்சிபோச்சு, அடுத்த சண்டை இன்னும் வரல. ரெண்டுக்கும் நடுவுல கெடந்த காலம். நான் கண்ணால பாத்ததில்ல. எங்க பெரியப்பா சொன்னாரு, அவருக்கு அவங்க அத்தை சொன்னாங்களாம். அதனால நடுவுல புகுந்து அது எப்பிடி, இது எப்பிடின்னு கொடையாதீங்க. தெரிஞ்சத மறைக்காம சொல்றேன். இதுல எங்க வூட்டு மானமும் இருக்குது, அதையும் சேத்துத்தான் சொல்லப்போறேன்.

அந்த ஊருலேருந்து நாப்பத்தோரு பேரு வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்து, கடல் தாண்டி பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போனாங்களாம். இருபத்தேழு பேரு திரும்பி வந்தாங்களாம். வந்தவங்களுக்கு வூடு தங்கல. பொண்டாட்டி பேசினா காதுல விழாது, ஆனா அடுப்பங்கரையில ஒரு சட்டி விழுந்தா தூக்கிவாரிப் போட்டு எழுந்து நிப்பாங்களாம். என்னா பண்றது? சந்தைமேட்டு ஓரத்துல ஒரு ஓலைக் கொட்டாய் போட்டாங்க. அதுக்குப் பட்டாளத்துக் கொட்டாய்னு பேரு. லாசரு அவில்தாருதான் அதுக்குத் தலைவரு. வேதக்காரரு, அதான் கிறிஸ்தவரு, மீசை ரெண்டு பக்கமும் முறுக்கி நிக்கும், சிரிச்சு யாரும் பாத்ததில்ல.

கொட்டாயில என்னா வேலைன்னு கேளுங்க. காலையில பெருக்கி, தண்ணி தெளிச்சு, கொடி ஏத்துவாங்க. கிழிஞ்ச கம்பளிய ஒட்டுப் போடுவாங்க. பித்தளைப் பொத்தானைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்க. எவன் வூட்டுக் கூரை ஒழுகுதோ அவன் வூட்டுக்குப் பத்து பேரு போயி வேய்வாங்க. டீத்தண்ணின்னு ஒண்ணை அந்த ஊருக்குக் காட்டினதே அவங்கதானாம். கோடையில ஓலைவூடு தீப்பிடிக்காம காவல். ஐப்பசி கார்த்திகையில ஏரி ஒடையாம காவல். அவங்கள்ல ஒருத்தன் செத்தா எட்டு பேரு தோள்குடுத்து, மேல கொடிபோத்தி, பிகில் ஊதி, தேர்வீதி வழியாத் தூக்கிகினு போவாங்க. ஊர்த்தெருக்காரனானாலும் சரி, சேரிக்காரனானாலும் சரி. சேரிப் பொணம் தேர்வீதியில போறது ஊருக்குத் தொண்டையில முள்ளுதான். ஆனா பட்டாளமே ஒரே வரிசையில நடந்து வந்தா எவன் குறுக்க வருவான்?

பொழுது சாயுற நேரத்துக்குக் கொட்டாய் வாசல்ல வரிசையா நிப்பாங்க. லாசரு அவில்தாரு பேரு பேராக் கூப்பிடுவாரு. கூப்பிட்டவன் "ஆஜர்" சொல்லணும். எல்லாரும் ஆஜர்னா பிகில் ஊதுவாரு. பிகில் கேட்டா ஊரே சோத்துக்கு உக்காருமாம். ஒருத்தன் கொறைஞ்சாலும் பிகில் கெடையாது. மீதி இருக்கிறவன் அத்தினி பேரும் விளக்கைத் தூக்கிகினு தேடப் போகணும். பஸ்ராவுல மணல்ல ஆளை விட்டுட்டு வந்தவங்க, அதனால அப்பிடி ஒரு சட்டம்.

சட்டம் ஒண்ணு இருந்தா, அதுல ஒரு சந்தும் இருக்கும், இல்லியா? பக்கத்துல நிக்கிறவன் நேரத்துக்கு வரலன்னா, இவன் தலையைக் குனிஞ்சுகினு, குரலை மாத்தி, அவனுக்கும் சேத்து ஒரு ஆஜர் சொல்லிடுவான். அவில்தாருக்கு பீரங்கிச் சத்தத்துல ஒரு காது போயிடுச்சு, கண்ணும் மங்கல். அவங்களுக்குள்ள அது தப்பே கெடையாது, அதுதான் கூட்டாளிக்குச் செய்யிற மரியாதை. பஸ்ராவுலேருந்தே வந்த பழக்கம்.

பொன்னுரங்கம், எட்டியப்பன்னு ரெண்டு பேரு. பொன்னுரங்கம் ஊர்த்தெரு. எட்டியப்பன் சேரி. பஸ்ராவுல பொன்னுரங்கம் பேதி கண்டு எழுந்திருக்க முடியாமக் கெடந்தப்போ, ஒம்பது நாளு அவனுக்கும் சேத்து ஆஜர் சொன்னவன் எட்டியப்பன். சொல்லலன்னா பொன்னுரங்கத்த ஆஸ்பத்திரிக் கூடாரத்துல போட்டிருப்பாங்க. அங்க போனவன் எவனும் நடந்து வெளிய வரலயாம். அதனால ரெண்டு பேரும் வாடா போடாதான். ஊர்த்தெருவுல அத்த யாரும் ரசிக்கல.

ஒரு வருசம் ஐப்பசியில வானம் பொத்துகிச்சு. அஞ்சு நாளு மழை. ஏரி தளும்பி நின்னுச்சாம். அன்னிக்குப் பழைய மதகுல காவல் இவங்க ரெண்டு பேருக்கும். சாயங்காலமாப் பொன்னுரங்கத்துக்குக் குளிர்சொரம் வந்துடுச்சு, பல்லு கடகடன்னு அடிக்குது. அந்நேரம் பாத்து, மதகோரத்துல கரைக்கு உள்பக்கமா ஒரு ஓட்டை. நண்டு தோண்டின வளை, தண்ணி அத்தப் பெருசாக்கிகினு இருக்குது.

எட்டியப்பன் சொன்னான்: "நீ போடா. வைக்கோலும் களிமண்ணும் வெச்சு நான் இத்த அடைச்சிட்டு வர்றேன். நேரமாச்சுன்னா எனக்கும் சேத்து ஆஜர் சொல்லிடு. இந்த மழையில அத்தினி பேரும் விளக்கு எடுத்துகினு வரவாணாம்."

பொன்னுரங்கம் போனான். வரிசையில நின்னான். அவில்தாரு "எட்டியப்பன்"னாரு. பொன்னுரங்கம் தலையைக் குனிஞ்சான், குரலை மாத்தினான், "ஆஜர்"னான். "பொன்னுரங்கம்"னாரு. "ஆஜர்"னான். பிகில் ஊதிடுச்சு. ஊரு சோத்துக்கு உக்காந்துச்சு. பொன்னுரங்கம் வூட்டுக்குப் போயி, கம்பளியப் போத்திகினு சொரத்துல நெனவு தப்பிப் படுத்தான்.

விடிஞ்சு மடை பாக்கப் போன நீர்க்கட்டிதான், வயலுக்குத் தண்ணி தெறந்துவிடுறவன், பாத்தானாம். மதகுக் கல்லு ரெண்டு சரிஞ்சு எட்டியப்பன் கைய நசுக்கிப் பிடிச்சிருக்குது. இழுக்கவும் முடியாது, ஏறவும் முடியாது. ஓட்டையில முதுகைக் குடுத்து நின்ன வாக்குலயே செத்துக் கெடக்கான். தண்ணி கழுத்துக்கு மேல. கரை ஒடையல. ஒடைஞ்சிருந்தா முதல்ல போறது தேர்வீதிதான்.

இங்கதான் கதை கோணலாப் போகுது.

அவன்தான் ஆஜர் சொல்லிட்டானே. அவில்தாரு காதால கேட்டாரே. அப்போ காவல் முடிஞ்சு வந்தவன், மறுபடியும் தனியா மதகுக்கு எதுக்குப் போனான்? ஊரு மணியக்காரரு பக்கத்துல கெடந்த ஒரு மீன்கூடையக் கையில எடுத்தாரு. யாரு வூட்டுக் கூடையோ, மழையில அடிச்சிகினு வந்ததோ, யாருக்குத் தெரியும்? "மீனு புடிக்க மதகுக் கல்லைப் பேத்திருக்கான். ஏரிய ஒடைக்கப் பாத்தான், சாமி அவனையே அமுக்கிடுச்சு"ன்னாரு. ஊரு அப்பிடியே நம்பிடுச்சு. சேரிக்காரனைப் பத்திக் கெட்டதா ஒண்ணு சொன்னா, நம்புறதுக்கு ஊருக்கு என்னிக்கு நேரம் புடிச்சிருக்குது?

எட்டியப்பன் பொண்டாட்டி பச்சையம்மா ஓடியாந்தா. அவரு ராத்திரி வூட்டுக்கே வரல, சோறு அப்பிடியே இருக்குதுன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. லாசரு அவில்தாரு மொகத்தக் கல்லு மாதிரி வெச்சிகினு, "ஆஜர் சொன்னவன்மா அவன். அதுக்கப்புறம் அவன் போனது என் காவலுக்கு இல்ல. கொடி தர முடியாது"ன்னாராம். கொடி இல்ல, பிகில் இல்ல, தேர்வீதி இல்ல. நாலு சொந்தக்காரங்க மட்டும் வயக்காட்டு வழியாத் தூக்கிகினு போயிப் பொதைச்சாங்க.

பொன்னுரங்கம் எங்க இருந்தான்? சொரம் விட்டு எழுந்து வந்து, கூட்டத்துல நின்னுகினு எல்லாத்தையும் பாத்துகினு இருந்தான். வாய் தொறக்கல. தொறந்தா என்னா ஆகும்? கூட்டாளியக் கொன்னவன்னு சொல்வாங்க. கொட்டாயிலேருந்து பேரை அடிச்சிடுவாங்க. அந்த மனுசனுக்கு அந்தக் கொட்டாய் இல்லன்னா வேற ஒண்ணும் கெடையாது. எங்க வம்சத்துல வந்தவருதான், எனக்குக் கொள்ளுத்தாத்தா மொறை. ஆனாலும் சொல்றேன், அன்னிக்கு அவரு செஞ்சது ஈனத்தனம்.

ஒரு நாளு போச்சு, ரெண்டு நாளு போச்சு. ஊரு பச்சையம்மாவ ஏரியில தண்ணி மொள்ளவிடல. களையெடுக்க யாரும் கூப்பிடல. ஏரிய ஒடைச்சவன் பொண்டாட்டின்னு அவ பேரே மாறிப்போச்சு. சாயங்காலமானா கொட்டாய் வாசல்ல அவில்தாரு பேரு கூப்பிடுவாரு. எட்டியப்பன் பேரு வர்ற எடத்துல ஒரு மூச்சு விடுவாரு. அடுத்தது "பொன்னுரங்கம்." இவன் "ஆஜர்." மறுநாளு, "பொன்னுரங்கம்." "ஆஜர்." இப்பிடியே ஒம்பது நாளு.

பத்தாம் நாளு. "பொன்னுரங்கம்"னாரு அவில்தாரு. பதில் இல்ல. "பொன்னுரங்கம்." பதில் இல்ல. அவில்தாரு கிட்ட வந்து மூஞ்சியப் பாத்தாரு.

"என்னாடா, கண்ணெதிரயே நிக்கிற, வாயத் தொறக்க மாட்டேங்கிற?"

"அன்னிக்கு எட்டியப்பன் கண்ணெதிர இல்லீங்க. ஆனா ஆஜர் வந்துச்சு. அது என் வாயிலேருந்து வந்துச்சு."

அந்த வரிசையில இன்னொருத்தனுக்காக ஒரு தடவையாவது ஆஜர் சொல்லாதவன் எவனும் கெடையாது. அவில்தாரு நீர்க்கட்டியக் கூப்பிட்டு, அன்னிக்கு ஏதாவது சத்தம் கேட்டியான்னு விசாரிச்சாரு. நீர்க்கட்டி தலையைத் தொங்கப்போட்டான்.

"கேட்டுச்சுங்க. சாப்பிட்டுப் படுக்குற வரைக்கும் யாரோ கூப்பிடுற மாதிரிதான் இருந்துச்சு. பிகில் ஊதிடுச்சே, பட்டாளத்தார் எல்லாரும் வந்துட்டாங்களே, நரியா இருக்கும்னு விட்டுட்டேங்க."

அவன் மட்டுமா? தேர்வீதியில இன்னும் நாலு வூட்டுல கேட்டிருக்காங்க. எல்லாரும் நரின்னு நெனச்சிருக்காங்க.

வரிசையில நின்னவங்க அத்தினி பேரும் அப்பிடியே சேரிக்கு நடந்தாங்க. பச்சையம்மா வாசல்ல கேழ்வரகு பொடைச்சிகினு இருந்தாளாம். பொன்னுரங்கம் மண்ணுல உக்காந்து நடந்தத எல்லாம் சொன்னான். அவ மொறத்தக் கீழ வெச்சா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"உங்களுக்கு எந்நேரத்துலேருந்து தெரியும்?"

"அவனைத் தூக்கின அன்னிக்கே தெரியும்."

பச்சையம்மா சொன்னாளாம்: "ஊரே சொன்னதால நானும் நம்பிட்டேங்க. மீனுக்கு ஆசப்பட்டு என்னை நடுத்தெருவுல விட்டியேன்னு அவரைத் திட்டிகினே மண்ணு போட்டேன். மூஞ்சியக்கூட சரியாப் பாக்கல. அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அவரைப் பாத்து அழுதிருப்பேன்."

அந்த நெலமையிலயும் "நீங்க"ன்னுதான் பேசினா. சேரிப் பொம்பள ஊர்த்தெரு ஆளு மூஞ்சியில காறித் துப்பக்கூட முடியாத காலம். எனக்கு இந்தக் கதையில பொறுக்காத எடம் இதுதான்.

மறுநாளு காலையில பட்டாளத்தார் அத்தினி பேரும் வெறும் பாடையக் கட்டி, அதுமேல கொடிய விரிச்சு, பிகில் ஊதிகினு தேர்வீதி வழியாத் தூக்கிகினு போனாங்க. வெறும் பாடை வருதேன்னு ஊரு கதவைச் சாத்திகிச்சு. சாத்தின ஒவ்வொரு கதவுக்கு முன்னாடியும் அவில்தாரு பாடைய எறக்கி, எட்டியப்பன் பேரைச் சொல்லி, கரைய ஒடையாமக் காத்தவன்னு சொல்லி, அப்புறம்தான் மறுபடியும் தூக்கச் சொன்னாராம். மணியக்காரரு வூட்டு முன்னாடி மூணு தடவை எறக்கினாங்களாம். முன்பக்கத் தோளு பொன்னுரங்கம். குழிமேட்டுல போயி கொடிய வெச்சாங்க.

பச்சையம்மாகிட்ட வேற என்னா வேணும்னு அவில்தாரு கேட்டதுக்கு அவ, தெனமும் அவரு பேரைக் கூப்பிடுங்க, ஆனா யாரும் பதில் சொல்லக்கூடாதுன்னு கேட்டாளாம். அப்பிடியே செஞ்சாங்க. வரிசையில எட்டியப்பன் பேரைக் கூப்பிடுவாங்க. யாரும் பேச மாட்டாங்க. ஒருத்தன் கொறைஞ்சா தேடணும்னு சட்டமாச்சே, பொன்னுரங்கம் வரிசைய விட்டு வெளிய வந்து, ஏரிக்கரை மேலயே நடந்து மதகு வரைக்கும் போயி, உள்ள குனிஞ்சு பாத்துட்டுத் திரும்பி வருவான். வந்து "இல்ல"ன்னு சொல்வான். அதுக்கப்புறம்தான் பிகில். மழையானாலும், சொரமானாலும், பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் போனானாம். இருபது வருசத்துக்கு மேல, சாகுற வரைக்கும். பச்சையம்மா ஒரு நாளும் அவனோட பேசல.

நடுவுல அடுத்த சண்டையும் வந்துச்சு, அப்புறம் கொட்டாயும் விழுந்துச்சு. ஆனா மதகுக்கு இன்னிக்கும் எட்டியப்பன் மதகுன்னுதான் பேரு, சர்க்கார் காகிதத்துல வேற என்னமோ எழுதியிருந்தாலும். எங்க ஊருல வந்து யாரையாவது விசாரிச்சுப் பாருங்க. உங்க அண்ணன் வந்துட்டாரா, பக்கத்து வூட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டா, எவனும் ஆமான்னு சொல்லிட மாட்டான். எழுந்து போயிப் பாத்துட்டு வந்துதான் சொல்வான். வெளியூர்க்காரங்க எங்களைக் கேலி பண்ணுவாங்க.

ஐப்பசியில ஏரி நெறைஞ்ச அன்னிக்குச் சேரியும் ஊரும் கரையில கூடும். எட்டியப்பன் பேரை மூணு தரம் கூப்பிடுவாங்க. யாரும் வாய் தொறக்கக் கூடாது, கைக்குழந்தை அழுதாக்கூட தள்ளித் தூக்கிகினு போயிடுவாங்க. அப்புறம் எங்க வூட்டுலேருந்து ஒருத்தர் மதகுக்கு நடந்து போகணும். இப்போ நான் போறேன். குனிஞ்சு பாத்துட்டு வருவேன். கரையில எட்டியப்பன் வம்சத்து ஆளுங்க நின்னுகினு இருப்பாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து "இல்ல"ன்னு சொல்லணும். சொல்வேன். அவங்களும் சரின்னு சொல்ல மாட்டாங்க, பரவாயில்லன்னும் சொல்ல மாட்டாங்க. கேட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க.